கிட்டங்கியில் ஈரம்: வருவது எப்படி, தடுப்பது எப்படி

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் தொழிலில் ஒரு வழக்கு தவறாமல் வந்துவிடும். மொத்தக் கடையில் வாங்கிப் போன வத்தல் மூட்டையை, பலசரக்குக் கடைக்காரர் இருபது நாள் கழித்துத் திருப்பி அனுப்புவார். பிரித்துப் பார்த்தால் காம்பில் பூசணம் இருக்கும். வத்தலை வளைத்தால் ஒடியாமல் தோல் மாதிரி மடங்கும். "நீங்கள் ஏற்றும்போதே ஈரச் சரக்கு அண்ணாச்சி" என்பார் அவர். "நல்ல காய்ச்சல் பார்த்துத்தான் ஏற்றினேன், உங்கள் கடையில் வைத்த இடம் சரியில்லை தம்பி" என்பார் இவர். கடைசியில் பாதி நஷ்டம் உமக்கு, பாதி எனக்கு என்று பேசி முடிப்பார்கள். பல வருஷப் பழக்கம் அன்றோடு விட்டுப்போவதும் உண்டு.

இந்த வழக்கில் பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. இருவரும் அளக்கவில்லை, அவ்வளவுதான். எடையைத் தராசில் போட்டு அளக்கிறோம், எண்ணெயை லிட்டரில் அளக்கிறோம். ஈரத்தை மட்டும் கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் மதிப்பிடுகிறோம். ஈரம் எங்கிருந்து வருகிறது, அதைக் குறைந்த செலவில் எப்படி அளப்பது, எப்படித் தடுப்பது என்பதைச் சிறு கடைக்காரரும் செய்யக்கூடிய அளவில் இங்கே எழுதுகிறேன்.

வறண்ட பூமியில் ஈரப் பேச்சு ஏன்?

வெம்பக்கோட்டைப் பக்கம் இருப்பவனுக்கு ஈரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். நம் பகுதி வறண்ட பகுதிதான். அந்த வறட்சியே நமக்குத் தொழில் கொடுத்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். அது இங்கே வேரூன்றியதற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். குச்சியின் தலையிலுள்ள மருந்து பசையால் பிடித்திருப்பது. காற்றில் ஈரம் மிகுந்தால் பசை இளகும், குச்சி நமுத்துப்போகும். பட்டாசுத் தொழிலிலும் இதே கதைதான். காகிதக் குழாயும் மருந்தும் வெயிலில் காயாமல் வேலை நடக்காது.

வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் காற்று காய்ந்தே இருப்பதால் நமக்கு ஒரு மெத்தனம் வந்துவிடுகிறது. கடலோர ஊர் வணிகர் வருஷம் முழுவதும் ஈரத்தோடு போராடுவதால் எப்போதும் எச்சரிக்கையாக இருப்பார். நாமோ சித்திரையில் சரக்கு வைத்த மாதிரியே ஐப்பசியிலும் வைக்கிறோம். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த இரண்டு மாதமும் பனி இறங்கும் மார்கழியும்தான் நமக்கு ஆபத்தான காலம்.

நம் ஊரில் 2022ஆம் ஆண்டு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியதை அறிவீர்கள். சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருட்களும் கிடைத்தன. சங்கும் சுட்ட மண்ணும் பல நூற்றாண்டு பூமிக்குள் கிடந்தாலும் தாங்கும். நாம் விற்கும் வத்தலும் பருப்பும் கடலையும் ஒரு மழைக்காலத்தைத் தாங்க வேண்டுமானால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரக்கின் ஈரம், காற்றின் ஈரம்

ஈரம் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

முதலாவது சரக்கின் ஈரம். 100 கிலோ சரக்கில் எத்தனை கிலோ தண்ணீர் என்பது இது. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்று பேசப்படுவது இந்த ஈரம்தான்.

இரண்டாவது காற்றின் ஈரம். ஒரு சூட்டில் காற்று இவ்வளவு தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பில் எத்தனை பங்கு இப்போது நிரம்பியிருக்கிறது என்பதே காற்றின் ஈரப்பதம். வானிலை அறிக்கையில் 80 சதவீதம் என்று சொன்னால், காற்று தாங்கக்கூடியதில் 80 பங்கு நிரம்பிவிட்டது என்று பொருள்.

காற்று சூடாக இருந்தால் அதிகம் தாங்கும், குளிர்ந்தால் குறைவாகத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம் தண்ணீர் தாங்கும். 24 டிகிரியில் 22 கிராம், 28 டிகிரியில் 27 கிராம், 30 டிகிரியில் 30 கிராம், 32 டிகிரியில் 34 கிராம், 35 டிகிரியில் 40 கிராம். இந்தக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரக்கும் காற்றும் ஒன்றோடொன்று ஓயாமல் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். காற்று காய்ந்திருந்தால் சரக்கு தன் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கும். காற்று ஈரமாக இருந்தால் சரக்கு வாங்கிக்கொள்ளும். கணக்கு நேராகும்வரை இது நிற்காது. நல்ல காய்ச்சலோடு ஏற்றிய வத்தல் இருபது நாளில் வளைந்துபோவதற்கும் இதுவே காரணம். மேலே சொன்ன வழக்கில் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்றேனே, அது இதனால்தான்.

உப்பு சொல்லும் சாட்சி

காற்றின் ஈரம் எந்த அளவுக்குப் போனால் ஆபத்து? 65 சதவீதத்துக்குள் இருந்தால் பூசணம் வளர வழியில்லை. 70ஐத் தாண்டினால் மெல்லத் தலைகாட்டும். 75, 80 என்று போனால் சில நாட்களிலேயே பூத்துவிடும்.

இதைக் காட்டும் கருவி நம் கடையிலேயே இருக்கிறது. அதுதான் உப்பு. சுத்தமான தூள் உப்பு, காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியத் தொடங்கும். அதற்குக் கீழே காய்ந்தே இருக்கும். கல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது அதற்கும் முன்னாலேயே நீர் விடும். ஆகவே ஒரு தட்டில் கொஞ்சம் தூள் உப்பைக் கிட்டங்கிக்குள் திறந்து வையுங்கள். அது கசிந்தால் அந்த அறைக் காற்று பூசணத்துக்கு ஏற்றதாகிவிட்டது என்று பொருள். உப்பு மூட்டை நீர் விடுகிறதே என்று உப்புக்காக மட்டும் வருத்தப்படுகிறோம். பக்கத்திலுள்ள கடலை மூட்டைக்கும் சேர்த்துத்தான் அது எச்சரிக்கை சொல்கிறது.

இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஈரப்பதமானி வாங்கலாம். உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி, சூட்டையும் ஈரத்தையும் எண்ணாகவே காட்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்பதையும் உப்பை வைத்தே பார்க்கலாம். ஒரு மூடியில் இரண்டு கரண்டி தூள் உப்பை வைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் கருவியையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் கருவி 5 குறைத்துச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

எந்தச் சரக்குக்கு எவ்வளவு?

எல்லாச் சரக்குக்கும் ஒரே அளவு கிடையாது. மிளகாய் வத்தலுக்கு 11 சதவீதம், முழு மல்லிக்கு 9 சதவீதம், விரலி மஞ்சளுக்கு 12 சதவீதம் என்று உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணயத்தில் மேல் வரம்பு வைத்திருக்கிறார்கள். பருப்பு வகைகள் 10, 11 சதவீதத்தில் இருந்தால் நெடுநாள் இருக்கும். அரிசி 13 சதவீதம் வரை தாங்கும். நிலக்கடலைப் பருப்பு 7 சதவீதத்தில் இருக்க வேண்டும்.

கடலைக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். எண்ணெய் தண்ணீரை ஏற்காது. ஆகவே உள்ள தண்ணீர் முழுவதும் மீதிப் பாதியில் தங்கிவிடுகிறது. மொத்தத்தில் 9 சதவீதம்தானே என்று நாம் நினைப்போம். அந்த மீதிப் பாதியில் அது 18 சதவீதமாக நிற்கும். எண்ணெய் வித்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வெல்லமும் கருப்பட்டியும் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுக்கும் சரக்கு. மழைக்காலத்தில் இவற்றைத் திறந்து வைக்கவே கூடாது. முன்பெல்லாம் கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் கட்டி அடுப்படிப் பரணில் வைத்தார்கள். கீழே எரிந்த அடுப்பின் சூடும் புகையும் காய்ச்சலைக் காத்தன. இப்போது அடுப்படியில் கேஸ் வந்துவிட்டது. ஆகவே நாம் இறுக்கமான மூடியுள்ள டின்னைத்தான் நம்ப வேண்டும்.

தண்ணீருக்கு வத்தல் விலை

ஈரச் சரக்கை வாங்கினால் என்ன நஷ்டம் என்பதைக் கணக்காகப் பார்ப்போம். 14 சதவீத ஈரமுள்ள வத்தல் 100 கிலோ வாங்குகிறோம். அதில் தண்ணீர் 14 கிலோ, சரக்கு 86 கிலோ. அது காய்ந்து 10 சதவீதத்துக்கு வரும்போது எடை 95 கிலோ 560 கிராம்தான் இருக்கும். சுமார் நாலரைக் கிலோ ஆவியாகப் போய்விட்டது. வத்தல் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், குவிண்டாலுக்கு ஏறத்தாழ 890 ரூபாய். பத்துக் குவிண்டாலுக்கு 8,900 ரூபாய். அத்தனையும் தண்ணீருக்குக் கொடுத்த விலை. காயாமல் அப்படியே இருந்தாலோ பூசணம் பிடித்து முழு மூட்டையும் போகும்.

எடை நிற்க வேண்டும் என்று மூட்டையில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தெளிப்பவருக்கு அன்றைக்கு நாலு கிலோ லாபம். அதை வாங்கி வைக்கும் சிறு கடைக்காரருக்கு மூட்டையே நஷ்டம். அதைத் தின்பவருக்கு வரும் கேட்டை அடுத்துச் சொல்கிறேன்.

பூசணம் சாதாரணமானதல்ல

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்தன. ஆராய்ந்ததில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் ஒரு பூசணம் வளர்ந்து விஷத்தை விட்டிருந்தது தெரிந்தது. அந்த விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1974இல் நம் நாட்டிலேயே ராஜஸ்தான், குஜராத் மாநில எல்லைப் பகுதிகளில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழை மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். சிறிது சிறிதாக உடலில் சேர்ந்தாலும் கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய விஷம் இது.

நிலக்கடலை, மக்காச்சோளம், வத்தல் ஆகிய மூன்றிலும் இந்தப் பூசணம் விரும்பி வளரும். பூசணம் பிடித்த சரக்கை வெயிலில் போட்டுத் துடைத்தால் பச்சை நிறம் போகும், விஷம் போகாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் அழியாது. ஆகவே கெட்ட மூட்டையைக் காயவைத்து நல்ல மூட்டையோடு கலந்து விடுவது, ஒரு மூட்டை நஷ்டத்தைத் தவிர்க்கப் பத்து மூட்டையை விஷமாக்குவதாகும்.

சட்டமும் இதில் கடுமையாகவே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், சரக்கைச் சுகாதாரக் கேடான நிலையில் வைத்திருந்தால் அதற்கு விற்பவரையே பொறுப்பாக்குகிறது. யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாவிட்டாலும் விற்பவர்தான் பொறுப்பு. பில் இல்லாமல் சரக்கு வாங்காதீர்கள் என்று சங்கம் திரும்பத் திரும்பச் சொல்வது வரிக்காக மட்டுமல்ல.

திறப்பதா, அடைப்பதா?

கிட்டங்கிக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. உள்ளே இருப்பதைவிடக் காய்ந்த காற்று வெளியே இருந்தால் மட்டுமே திறக்க வேண்டும். மற்ற நேரத்தில் திறப்பது தண்ணீரை அழைத்து வருவதுதான்.

மழை விட்டு மதியம் வெயில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 32 டிகிரி, ஈரம் 70 சதவீதம். நல்ல வெயில்தானே என்று கதவைத் திறந்துவிடுகிறோம். முன்பு சொன்ன கணக்குப்படி அந்தக் காற்றில் 34 கிராமில் 70 பங்கு, அதாவது சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. கிட்டங்கிக்குள் சரக்கும் சுவரும் 28 டிகிரியில் குளிர்ந்து இருக்கின்றன. அந்தச் சூட்டில் காற்று 27 கிராம்தான் தாங்கும். உள்ளே வந்த காற்று குளிர்ந்தவுடன் அதன் ஈரம் 88, 89 சதவீதமாகிவிடும். வெயில் என்று நம்பித் திறந்தோம், உள்ளே வந்ததோ பூசணம் பிடிக்கும் காற்று.

இதையே சித்திரை வெயிலில் பாருங்கள். வெளியே 35 டிகிரி, ஈரம் 35 சதவீதம். தண்ணீர் 14 கிராம்தான். உள்ளே வந்து 30 டிகிரிக்குக் குளிர்ந்தாலும் ஈரம் 47 சதவீதம்தான் ஆகும். தாராளமாகத் திறக்கலாம்.

எனவே வாசலில் ஒரு கருவி, உள்ளே ஒரு கருவி வையுங்கள். சூட்டுக்குரிய கிராமை ஈரப்பதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் காற்றிலுள்ள தண்ணீர் வரும். வெளிக் கணக்கு உள்கணக்கைவிடக் குறைவாக இருந்தால் திறக்கலாம். கூடுதலாக இருந்தால் கதவு, ஜன்னல், ஓட்டு இடுக்கு எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு சுருக்க விதி உண்டு. மழை பெய்யும்போதும், மழை விட்ட ஒன்றிரண்டு நாளும், பனி இறங்கும் இரவிலும் அதிகாலையிலும் அடைத்தே வையுங்கள். ஆடிக் காற்றிலும் கோடை வெயிலிலும் திறந்து விடுங்கள்.

தரையும் சுவரும்

காற்றைவிட மோசமான வழி தரை. சிமென்ட் தரை காய்ந்த மாதிரி தெரிந்தாலும் கீழிருந்து ஓதம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு சதுர அடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் நீர்த் துளி இருந்தால் தரை ஓதமுள்ளது. அப்படிப்பட்ட தரையில் தார்ப்பாய் அல்லது கனமான பாலித்தீன் விரித்து, அதன்மேல் மரச்சட்டம் போட்டு மூட்டை அடுக்க வேண்டும். வெறும் சாக்கை விரித்து அடுக்கினால் சாக்கு ஓதத்தை உறிஞ்சி மேலே கொடுக்கும்.

சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி அட்டி போடுங்கள். ஒரு ஆள் சுற்றி வந்து பார்க்க இடம் இருந்தால்தான் எலிப் பொந்தும் ஒழுகலும் கண்ணில் படும். பழைய சரக்கு முன்னால், புதிய சரக்கு பின்னால் இருக்கட்டும். உப்பு, வெல்லம், சோப்பு இவற்றின் பக்கத்தில் பருப்பையும் வத்தலையும் அடுக்காதீர்கள்.

வெயிலில் காயவைத்த சரக்கைச் சூட்டோடு மூட்டை கட்டாதீர்கள். உள்ளே வேர்த்து, நடு மூட்டையிலிருந்து கெடும். நிழலில் ஆறவைத்து, பனி இறங்குமுன் கட்டிவிட வேண்டும். முழுவதும் காயாத சரக்கைப் பாலித்தீன் உறையுள்ள சாக்கில் அடைப்பதும் தவறு. சணல் சாக்காவது மூச்சு விடும், பாலித்தீன் விடாது. அதே பாலித்தீன், நன்றாகக் காய்ந்த சரக்குக்கும் அரைத்த தூளுக்கும் நல்ல காவல்.

குளிர்பதனக் கிட்டங்கியில் வத்தல் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து எடுத்த மூட்டை, குளிர்ந்த சோடா பாட்டில் வேர்ப்பது போல வேர்க்கும். வந்தவுடன் பிரிக்காமல், தார்ப்பாய் மூடி, வெளிச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிட்டால் ஈரம் தார்ப்பாயில்தான் படியும். அதன்பின் தார்ப்பாயை எடுத்துவிட்டு மூட்டையைப் பிரியுங்கள்.

சுண்ணாம்புச் சட்டியைப் பற்றி

அறையில் ஒரு சட்டி சுட்ட சுண்ணாம்பு வைத்தால் ஈரம் போகும் என்பது பழைய கைமுறை. சுண்ணாம்பு ஈரம் இழுப்பது உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி உள்ள கிட்டங்கியின் காற்றில் மழைக்காலத்தில் சுமார் 2 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு லிட்டர் இழுக்கவே மூன்று கிலோ சுண்ணாம்பு வேண்டும். அதே அறையிலுள்ள 4,000 கிலோ வத்தலில் ஒரு சதவீத ஈரம் என்றால் 40 லிட்டர். கதவு இடுக்கு வழியாக வருவது தனி. ஒரு சட்டி சுண்ணாம்பு எந்த மூலைக்கு? தவிரவும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் சொட்டினால் கொதிக்கும், சாக்கும் காகிதமும் தீப்பிடிக்கலாம். சிறு டின்னுக்குள் சிலிக்கா பொட்டலம் போடுவது பயன் தரும். பெரிய அறைக்கு இடுக்கை அடைப்பதும், முடிந்தவர்கள் ஈரம் நீக்கும் இயந்திரம் வைப்பதும்தான் வழி.

தீபாவளி நேரத்தில் உரிமம் பெற்றுப் பட்டாசும் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமுத்த பட்டாசை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்காதீர்கள். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறக்கூடியது. தண்ணீர் பட்டால் தீ அணையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. அந்தச் சரக்கைத் தனியே ஒதுக்கி வைத்து, தந்தவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஈரம் விரும்பும் சரக்கும் உண்டு

எல்லாச் சரக்கும் வறட்சியை விரும்புவதில்லை. மேல்நாடுகளில் திராட்சை மதுவைப் பாட்டிலில் அடைத்து வருஷக்கணக்கில் வீட்டு நிலவறையில் வைக்கிறார்கள். அதற்கு 60 முதல் 70 சதவீத ஈரமும், 12, 13 டிகிரிக் குளிர்ச்சியும், இருட்டும் வேண்டும். காற்று ரொம்பக் காய்ந்தால் பாட்டிலின் தக்கை சுருங்கும், இடுக்கு வழியாகக் காற்று புகுந்து மது புளித்துவிடும். தக்கை உள்ளிருந்து நனைந்திருக்க வேண்டும் என்றுதான் பாட்டிலைப் படுக்க வைக்கிறார்கள். ஈரம் மிகுந்தால் ஒட்டிய சீட்டில் பூசணம் பிடிக்கும். அவர்களும் நம்மைப் போலவே ஈரப்பதமானியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழாய்வில், யவனர் மது கொண்டுவந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அத்தகைய ஜாடிகளின் உட்புறத்தில் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசுவது அவர்கள் வழக்கம். நம் பாட்டிமார் குலுக்கையைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகி வாயை அடைத்ததும், துவரையில் செம்மண் கட்டிக் காயவைத்ததும் இதே அறிவுதான். வெளிக்காற்றோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் குறைத்தார்கள். சரக்குக்குச் சரக்கு அளவு மாறும், அளக்க வேண்டும் என்பது மாறாது.

வழக்குத் தீர ஒரு யோசனை

முதலில் சொன்ன வழக்குக்கு வருவோம். சரக்கின் ஈரத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. குத்தூசியால் மூட்டையின் நடுவிலிருந்து மாதிரி எடுத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி, ஈரப்பதமானியையும் உள்ளே வைத்து இறுக மூடுங்கள். இரண்டு மணி நேரத்தில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சரக்கோடு சமமாகிவிடும். 65க்குள் காட்டினால் சரக்கு நல்ல காய்ச்சல். 70க்கு மேல் காட்டினால் காயவைக்காமல் அடுக்கக் கூடாது. வத்தல், மல்லி, பருப்பு, கடலை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண் போதும், தனித்தனிச் சதவீதம் தெரிய வேண்டியதில்லை.

கருவி இல்லாதவர்கள் தானியத்துக்கு உப்பையே பயன்படுத்தலாம். நன்றாக வறுத்து ஆறிய தூள் உப்பு ஒரு பிடி, தானியம் பத்துப் பிடி, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு நிமிஷம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். பாட்டிலின் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் விழுந்தால் அதற்குக் கீழே.

இதை மொத்த வியாபாரி ஏற்றும்போது ஒருமுறையும், கடைக்காரர் இறக்கும்போது ஒருமுறையும் செய்து, அந்த எண்ணைப் பில்லின் ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஏற்றும்போது 62, இறக்கும்போது 63, இருபது நாள் கழித்து 78 என்றால் கடையில் வைத்த இடம்தான் காரணம். ஏற்றும்போதே 74 என்றால் சரக்கைத் திருப்பி எடுக்க வேண்டியது மொத்த வியாபாரியின் கடமை. நானும் மொத்த வியாபாரிதான். இந்த எண்ணை முதலில் எழுத வேண்டியது எங்கள் தரப்பே என்பது என் கருத்து. பெரிய கையில் இருப்பவன் அளந்து கொடுத்தால்தான் சிறிய கையில் இருப்பவன் நம்புவான்.

தானியங்களின் ஈரச் சதவீதத்தை நேரே காட்டும் கருவியின் விலை, சிறு கடைக்காரர் தனியே வாங்கும் அளவில் இல்லை. அதைச் சங்கம் ஒன்று வாங்கி அலுவலகத்தில் வைத்து, உறுப்பினர் யார் மாதிரி கொண்டுவந்தாலும் அளந்து சீட்டு எழுதிக் கொடுக்கலாம். நம் முன்னோர் மகமை பிரித்துக் கிணறும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். ஒரு கருவி வாங்குவது நமக்குப் பெரிய காரியமல்ல. வரும் பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டியவை மூன்று. ஓட்டையும் இடுக்கையும் அடையுங்கள். மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். ஒரு ஈரப்பதமானி வாங்கிக் கல்லாவுக்கு எதிரே மாட்டுங்கள். நம்மை நம்பிப் பொட்டலம் வாங்கிப் போகும் வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். தராசில் காட்டும் நேர்மையை ஈரத்திலும் காட்டுவோம்.